வீட்டுக் கேரேஜில் பழைய காரின் துருவைச் சரிசெய்தல்: டர்பன் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

1972ஆம் ஆண்டின் டாட்சன் 1200 ஒன்றை டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வாங்கியபோது, ஓட்டுநர் கதவுக்கு அடியில் ஐந்து ராண்டு நாணயத்தின் அளவுக்கு ஒரே ஒரு பெயிண்ட் குமிழிதான் கண்ணில் பட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்க்ரூடிரைவரின் முனையால் அதை இலேசாகக் குத்தினேன். முனை உள்ளே போயிற்று. அதன் பின்னாலேயே கம்பி முழுவதும் போயிற்று. சுற்றியிருந்த பெயிண்டை உரித்துப் பார்த்தால், உள்ளே சுருட்டித் திணித்த செய்தித்தாள் இருந்தது. எப்போதோ எந்தப் பட்டறையோ ஓட்டையைக் காகிதத்தால் அடைத்து, மேலே பட்டி பூசி, பெயிண்ட் அடித்து அனுப்பியிருக்கிறது. வெளியே இழுத்தபோது அந்தக் காகிதம் ஈரமாக இருந்தது. மழை பெய்து பத்து நாளாகியிருந்தது.

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது அந்த ஈரத்தைத்தான். துருவைச் சுரண்டுவதும் தகடு வெட்டி ஒட்டுவதும் பழகப் பழக வந்துவிடும். தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது, ஏன் வெளியே போகவில்லை என்ற இரண்டையும் கண்டுபிடிக்காமல் கிரைண்டரைக் கையில் எடுத்தால், அதே இடத்தை இரண்டு ஆண்டுகளில் மறுபடி வெட்ட வேண்டியிருக்கும்.

டர்பனில் இது ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரும்பும் ஆக்ஸிஜனும் நீரும் கூடினால் துரு உண்டாகும். உப்பு சேர்ந்தால் அந்த நீர் மின்னோட்டத்தை எளிதாகக் கடத்தும், துருவும் விரைந்து பரவும். மேலும், நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். உப்பு ஜாடியில் நாலு அரிசியைப் போட்டு வைக்கிற அம்மாக்களுக்கு இது நன்றாகத் தெரியும். ப்ளஃபிலும் இஸிபிங்கோவிலும் கடற்காற்று கொண்டுவந்து சேர்த்த உப்பு ஒரு காரின் மூடிய பகுதிக்குள் படிந்துவிட்டால், கோடைக் காலத்தில் மழையே இல்லாத இரவிலும் அந்த இடம் நனைந்தேதான் இருக்கும். 1970களில் வந்த கார்களின் தகடுகளில் துத்தநாகப் பூச்சும் அரிது. கடலுக்கு வெகு தொலைவிலுள்ள ஜோஹானஸ்பர்கில் ஓடிய அதே ஆண்டுக் கார் இன்றும் முழுதாக நிற்க, நம் ஊர்க் கார் சல்லடையாகிப் போவதற்குக் காரணம் இந்த உப்பு ஈரம்தான்.

காரைப் படித்துப் பார்த்தல்

தேவையானவை ஒரு டார்ச்சும், மழுங்கிய ஸ்க்ரூடிரைவரும், மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தமும்தான். காந்தத்தைப் பெயிண்டின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். நல்ல தகடு இருக்கும் இடத்தில் அது ஒட்டிக்கொள்ளும். தடிமனாகப் பட்டி பூசிய இடத்தில் வழுக்கி விழும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனால் காதும் வேலை செய்யும்: நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துருவேறிய இரும்பு ஈர அட்டையைத் தட்டியதுபோல் அமுங்கி ஒலிக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள் எந்தக் காரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதியை இங்கே எல்லோரும் சில் என்பார்கள். முதலில் அதைப் பாருங்கள். அடுத்து, கதவுகளின் கீழ் விளிம்பு, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உட்புறம், ஹெட்லைட்டுக்குப் பின்னால் சேறு தங்கும் மூலை, பேட்டரி வைக்கும் தட்டு, விண்ட்ஸ்கிரீன் ரப்பரின் கீழ் இரு மூலைகள், காரின் பின்பக்க டிக்கியில் உபரிச் சக்கரம் கிடக்கும் குழி. கடைசியாகக் கார்ப்பெட்டை முழுவதும் தூக்கித் தரையைப் பாருங்கள். பழைய கார்களில் கார்ப்பெட்டுக்கு அடியில் சணல் மெத்தை போட்டிருப்பார்கள். அது ஒருமுறை நனைந்தால் வாரக்கணக்கில் காயாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ப்ராஸ்பெக்டன் டொயோட்டா தொழிற்சாலையே மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வெள்ளத்தில் நனைந்து, பின்னர் கழுவி விற்கப்பட்ட பழைய கார் உங்கள் கைக்கு வந்திருக்குமோ என்ற ஐயம் இருந்தால், இருக்கைகளைக் கழற்றி, அவற்றின் போல்ட் துளைகளில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்குப் பிறகுதான் தண்ணீர்ச் சோதனை. ஒருவர் டார்ச்சுடன் காருக்குள் படுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர் ஹோஸைப் பீய்ச்சாமல், மழை விழுவதுபோல் மெதுவாகத் தண்ணீரை விட வேண்டும். கீழிருந்து மேலாகச் செல்வதே முறை: முதலில் கதவின் அடி, பிறகு கண்ணாடியின் கீழ் விளிம்பு, பிறகு கூரை. மேலிருந்து தொடங்கினால் எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாது. என் காரில் என் அக்கா மகன்தான் டாஷ்போர்டுக்கு அடியில் படுத்திருந்தான். கண்ணாடியின் அடியை நனைத்துக் கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. பானட்டின் பின் விளிம்பில், காற்று உள்ளே போகும் சல்லடைக்கு நேரே தண்ணீர் விட்டேன். விட்டதுதான் தாமதம், "மாமா, நிறுத்து, என் கழுத்துக்குள்ளே போகுது" என்று கத்தினான். அந்தச் சல்லடைக்கு அடியிலிருக்கும் தொட்டியின் வடிகால் துளைகள் மாவிலைச் சருகால் அடைபட்டிருந்தன. தொட்டி நிரம்பி வழிந்த நீர், சில்லுக்குள் இறங்கி, செய்தித்தாளை நனைத்துக்கொண்டிருந்தது. ஓட்டைக்கும் அதன் காரணத்துக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் தூரம் இருந்தது.

எதை வீட்டில் செய்யலாம், எதை விட்டுவிட வேண்டும்

துருவை மூன்று நிலைகளாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். மேற்பரப்பில் செம்மண் தூவியதுபோல் இருப்பது முதல் நிலை, தேய்த்தால் போய்விடும். அடுத்தது, இரும்பில் அம்மைத் தழும்புபோல் குழிகள் விழுந்து, செதில் செதிலாக உரியும் நிலை. தகடு மெலிந்திருக்கும், ஆனால் ஓட்டை விழுந்திருக்காது. மூன்றாவது, ஓட்டை. பெயிண்டில் குமிழி எழும்புவது பெரும்பாலும் உட்புறத்திலிருந்து தின்றுகொண்டு வந்த துரு வெளியே தலைகாட்டுவதுதான், ஏனெனில் துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு தகட்டின் மேலுள்ளதைத் தூக்கும். ஆகவே வெளியே நாணய அளவு தெரிந்தால், உள்ளே தட்டின் அளவை எதிர்பாருங்கள்.

முதல் இரு நிலைகளையும் எவரும் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவதில், கதவின் தோல், தரைத்தகட்டின் நடுப்பகுதி, பேட்டரித் தட்டு போன்றவை புதியவருக்குப் பொருத்தமானவை. சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், ஸ்டீயரிங் பெட்டி பிடித்திருக்கும் இடம், சீட் பெல்ட் தகட்டோடு பொருத்தப்பட்டிருக்கும் இடம் ஆகியவற்றில் துரு இருந்தால் அதை அனுபவமுள்ள பேனல் பீட்டரிடம் கொடுப்பதே சரி. தமிழ்நாட்டில் டிங்கரிங் என்று சொல்லும் வேலையைத்தான் இங்கே நாம் பேனல் பீட்டிங் என்கிறோம். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: தென்னாப்பிரிக்காவில் கார் கை மாறும்போது, அது சாலையில் ஓடத் தகுதியானது என்னும் ரோட்வர்த்தி சான்றிதழ் வேண்டும்; தாங்கும் பாகங்களில் துரு தின்றிருந்தால் அந்தச் சோதனையில் தேறாது. சில்லும் தாங்கும் பாகமே. டாட்சன் 1200 போன்ற கார்களுக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். சில்லை நானே வெட்டினேன், ஆனால் அது என் மூன்றாவது வேலை. முதல் வேலையாக அதைத் தொடாதீர்கள்.

வேலைக்கு முன் பாதுகாப்பு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு என்பதால் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் தலையை நீட்டாதீர்கள். சிமெண்ட் கல்லின் மேல் நிறுத்திய காருக்கும் இதுவே பொருந்தும், ஏனெனில் கல் முன்னறிவிப்பின்றி உடையும். தரமான ஸ்டாண்டுகளைக் கெட்டியான சமதரையில் வையுங்கள். சாட்ஸ்வர்த்தின் சரிவான முற்றங்களில் இந்த வேலை ஆகவே ஆகாது.

பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள்; வெல்டிங் செய்யப் போகிறீர்கள் என்றால் ஆல்டர்னேட்டரின் கம்பிகளையும் பிரித்துவிடுங்கள். பெட்ரோல் டேங்க்குக்கு அருகில் வேலை என்றால் டேங்கைக் கழற்றி கேரேஜுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, உள்ளே இருப்பது ஆவி. பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்றும், ஒரு வாளித் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெல்டிங் முடிந்த பிறகு அரை மணி நேரமாவது கேரேஜை விட்டு நகராதீர்கள். தார்ப்பூச்சும் சணலும் உள்ளே புகைந்துகொண்டிருந்து, நீங்கள் சாப்பிட உட்கார்ந்த பிறகு பற்றிக்கொள்ளும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தக் காலத்துத் தொழிற்சாலைகளில் சில இணைப்புகளை ஈயத்தாலேயே நிரப்பினார்கள். எனவே பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்துத் தேயுங்கள் அல்லது பெயிண்ட் நீக்கியால் உரியுங்கள். நல்ல முகமூடி அணியுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். பிரேக் பாகங்களைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரேக்களில் குளோரின் கலந்த வகை உண்டு. அதைத் தெளித்த தகட்டின் அருகே வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும். வெல்டிங்குக்கு முன் அந்த ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம்.

சுரண்டுதல்

டர்பனில் ஒரு விதியைக் கடைப்பிடியுங்கள்: அன்றே பிரைமர் பூசி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் இரும்பை வெறுமையாக்குங்கள். மாலையில் வெள்ளியாய் மின்னும் தகடு, ஜனவரி மாத இரவு ஒன்றில் காலைக்குள் மஞ்சள் பூசிக்கொள்ளும். கை பட்ட இடத்தில் ஐந்து விரலும் பதிந்திருக்கும், வியர்வையிலும் உப்புதானே. கையுறை போடுங்கள்.

முதலில் அந்த இடத்தை நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவி உப்பை வெளியேற்றுங்கள். உப்பு மேல் பூசிய பிரைமர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அடியிலிருந்து கொப்பளிக்கும். காய்ந்த பிறகு எண்ணெய்ப் பசையைத் துடைக்கும் திரவத்தால் துடைத்துவிட்டே தேய்க்கத் தொடங்குங்கள், இல்லையென்றால் கிரீஸை இரும்பின் குழிகளுக்குள் நீங்களே தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். கிரைண்டரில் கம்பித் தூரிகையும், பஞ்சு போன்ற கறுப்பு நார்த்தட்டும் பொருத்திக் கொள்ளலாம். நார்த்தட்டு துருவையும் பெயிண்டையும் அகற்றும், நல்ல இரும்பை அதிகம் தின்னாது. கம்பித் தூரிகை துருவைப் பளபளவென்று மெருகேற்றிச் சுத்தமாகிவிட்டதுபோல் காட்டி ஏமாற்றும். குழிக்குள் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அதுவும் துருதான். கரடான கல்தட்டை மெல்லிய தகட்டில் வைக்காதீர்கள்; சூடேறித் தகடு நெளிந்துவிடும். கிரைண்டர் பொறிகள் கார்க் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிரந்தரப் புள்ளிகளாகிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஈரப் போர்வையால் கண்ணாடிகளை மூடுங்கள். மூக்குக்கு முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி, அதன் மேல் முகக்கவசம்.

குழிகளில் எஞ்சிய துருவுக்கு, பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம் கலந்த துரு மாற்றிகள் ஸ்பேர்ஸ் கடைகளில் கிடைக்கும். டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து நீலக்கறுப்பாக மாறும். பாஸ்பாரிக் அமிலம் சாம்பல் நிறப் படலத்தை உண்டாக்கும். இரண்டும் மெல்லிய, ஒட்டிய துருவில்தான் வேலை செய்யும். செதில் உரிகிற துருவின் மேல் பூசினால் மேற்தோல் மட்டும் மாறும், அடி அப்படியே இருக்கும். பூசியதைக் குப்பியில் எழுதியிருக்கும்படி நடுநிலையாக்கி அல்லது கழுவிக் காயவிட வேண்டும். அமில எச்சத்தின் மேல் எபாக்ஸி பிரைமர் சரியாகப் பிடிக்காது.

கழற்றி எடுக்கக்கூடிய சிறு பாகங்களுக்கு, அதாவது பேட்டரித் தட்டு, பிராக்கெட், கதவுக் கீல், பானட் பூட்டு போன்றவற்றுக்கு, நம் ஊருக்கே உரிய ஒரு முறை இருக்கிறது. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோர் எந்தப் பயிருக்காகக் கொண்டுவரப்பட்டார்களோ, அந்தக் கரும்பின் கழிவுப்பாகு, மொலாசஸ், மாட்டுத் தீவனக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. ஒரு பங்கு மொலாசஸுக்கு ஒன்பது அல்லது பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் பாகங்களை முழுக மூழ்கவிடுங்கள். ஒன்று முதல் மூன்று வாரத்தில் துரு கரைந்து, நல்ல இரும்பு சாம்பல் நிறத்தில் வெளிப்படும். வாரம் ஒருமுறை எடுத்துத் தேய்த்துக் கழுவிப் பாருங்கள். நுரைத்து, நாற்றமெடுக்கும், அதனால் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். என் வாளியை இரண்டாம் வாரத்தில் திறந்த என் மனைவி, அதை அடுத்த வாரமே வேறிடத்துக்கு மாற்றச் சொன்னார். அலுமினியமும், கதவுக் கைப்பிடிகளில் வரும் துத்தநாக வார்ப்பும் இதில் அரிக்கப்படும், அவற்றைப் போடாதீர்கள். சுருள்வில் போன்ற கெட்டி எஃகுப் பாகங்களையும் போடாதீர்கள், அவை உடையக்கூடும். எடுத்த உடனே கொதிநீரில் அலசி, காயவைத்து, பிரைமர் அடியுங்கள். தாமதித்தால் மணி நேரத்தில் மறுபடி சிவக்கும்.

வெட்டி ஒட்டுதல்

ஓட்டை விழுந்த தகட்டை நிரப்பக் கூடாது, வெட்ட வேண்டும். துருவின் விளிம்புவரை வெட்டினால் போதாது; மெலிந்த தகட்டில் வெல்டிங் நெருப்பு பட்டதும் ஓட்டை பெரிதாகும். ஸ்க்ரூடிரைவர் குத்தி இறங்காத கெட்டி இரும்பு வரும்வரை, பிறகு அதற்கும் மேல் 10 மி.மீ. அளவு வெட்டுங்கள். மூலைகளைக் கூர்மையாக விடாமல் வளைவாக வெட்டினால் நெளிவு குறையும்.

ஒட்டுத்தகட்டுக்கு அளவெடுக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த கருவி வீட்-பிக்ஸ் காலையுணவு டப்பாவின் அட்டை. ஓட்டையின் மேல் அட்டையை வைத்துத் தேய்த்தால் விளிம்பு பதியும். வெட்டிப் பொருத்திப் பார்த்து, மடிப்புகளையும் அட்டையிலேயே செய்து பார்த்து, பிறகு இரும்பில் வரையுங்கள். வெளித்தோலுக்கும் தரைக்கும் 0.9 அல்லது 1 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகடு ஏற்றது, சில்லுக்கு 1.2 மி.மீ. எடுத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரையிலிருந்து எடுத்த துத்தநாகம் பூசிய துண்டை வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அந்தத் துத்தநாகப் புகையை மூச்சில் வாங்கினால் அன்றிரவு குளிர்காய்ச்சல் கண்டு நடுங்குவீர்கள்.

வெல்டிங்குக்கு, உருகும் கம்பி தானாகவே வந்துகொண்டிருக்கும் மிக் (MIG) இயந்திரம்தான் புதியவருக்கு எளிது. வீட்டுப் பிளக்கிலேயே மெல்லிய தகட்டுக்கு வேண்டிய அளவு ஓடும். 0.6 மி.மீ. கம்பியும், ஆர்கானும் கார்பன் டை ஆக்ஸைடும் கலந்த வாயுவும் மெல்லிய தகட்டுக்குச் சிறந்தவை. வாயு இல்லாமல் ஓடும் நடுவில் மருந்து நிறைத்த கம்பி மலிவாகத் தெரியும். ஆனால் அது சூடாக எரிந்து, பொறி பறந்து, மெல்லிய தகட்டை எளிதில் துளைக்கும். அதைப் பயன்படுத்தினால் இயந்திரத்தின் பிளஸ், மைனஸ் மின்முனைகளை மாற்றிப் பொருத்த வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். வாயுவோடு வேலை செய்யும்போது கடற்காற்று நேராக வீசினால் வாயு பறந்துபோய்த் தையல் பஞ்சுபோல் துளை துளையாகும். காற்றடிக்கும் பக்கக் கதவை மூடி, புகை வெளியேற மறுபக்கத்தைத் திறந்து வையுங்கள்.

காரைத் தொடுவதற்கு முன், வெட்டி எறிந்த தகட்டுத் துண்டுகளில் ஒரு வாரமாவது பழகுங்கள். இரண்டு துண்டுகளைத் தையல் போட்டுப் பிடியில் வைத்து மடக்குங்கள். தையல் பிளந்தால் இன்னும் பழக வேண்டும், தையலுக்குப் பக்கத்துத் தகடு கிழிந்தால் உங்கள் கை தேறிவிட்டது. காரில் வெல்டிங் செய்யும்போது இழுத்துக்கொண்டே போகாதீர்கள். தகட்டின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு பொட்டு, பிறகு நடுவில் ஒவ்வொரு பொட்டு, இப்படித் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே, பொட்டுகள் ஒன்றோடொன்று சேரும்வரை வாருங்கள். ஒரு பொட்டு வைத்த இடத்தில் கை வைக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகே அதன் பக்கத்தில் அடுத்தது. என் முதல் கதவில் பொறுமை இல்லாமல் 10 செ.மீ. ஒரே இழுப்பாக ஓட்டினேன். கதவு அப்பளம்போல் அலைபாய்ந்துவிட்டது, அதைத் தட்டிச் சமனாக்க இரண்டு சனிக்கிழமை ஆயிற்று.

சில்லை வெட்டும் நிலைக்கு வந்தவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். கதவைத் திறந்து வெட்டுவதற்கு முன், கதவுத் திறப்பின் குறுக்கே சதுர இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து முட்டுக் கொடுங்கள். கதவு இடைவெளிகளை அளந்து எழுதி வையுங்கள். இரு பக்கச் சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். இல்லையென்றால் கார் நடுவில் தொய்ந்து, அதே தொய்வில் நிரந்தரமாக வெல்டிங் ஆகிவிடும். பிறகு கதவு மூடவே மூடாது.

பட்டியும் பிரைமரும் பெயிண்டும்

வெல்டிங் தையலைத் தேய்த்துச் சமனாக்கிய பின், வெறும் இரும்பின் மேல் எபாக்ஸி பிரைமர் அடிப்பதே என் வழக்கம். பட்டியை அதன் மேல் பூசலாம். பட்டி பாலியெஸ்டர் பொருள், பஞ்சுபோல் நீரை உறிஞ்சும். அதன் பின்புறம் ஓட்டை இருந்தால் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று மி.மீ. தடிமனுக்கு மேல் வேண்டியிருந்தால் தகட்டைத்தான் தட்டிச் சரிசெய்ய வேண்டும். கடினமாக்கும் பசையை 2 விழுக்காடு அளவுக்குக் கலக்குங்கள். டர்பன் பிப்ரவரியில் கலந்து ஐந்து நிமிடத்தில் கல்லாகிவிடும், ஆகவே ஒரு நேரத்தில் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் கலக்காதீர்கள். பட்டியை 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 180, 320 என்று உலர்வாகத் தேயுங்கள்; இங்கே தண்ணீர் வேண்டாம்.

தடிமனான நிரப்புப் பிரைமரும் நீரை உள்ளே விடும். பிரைமர் அடித்த காரை "பெயிண்ட் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று முற்றத்தில் நிறுத்தினால், அந்த மாதத்தின் மழையெல்லாம் இரும்புவரை இறங்கும். இப்படி அழிந்த கார்களை எங்கள் தெருவிலேயே மூன்று பார்த்திருக்கிறேன்.

பெயிண்ட் வேலைக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட மாதங்களை ஒதுக்குங்கள். கோடையில், அதிகாலையில் தகடு வியர்த்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தின் மேல் பெயிண்ட் அடித்தால் வெண்பனி படர்ந்ததுபோல் மங்கும். பத்து மணிக்குப் பிறகு, தகடு கைக்குச் சூடாக இல்லாமலும் குளிர்ச்சியாக இல்லாமலும் இருக்கும் நேரமே சரி. மேற்கிலிருந்து வறண்ட பெர்க் காற்று வீசும் நாளில் ஈரம் குறைவுதான், ஆனால் தூசி அவ்வளவும் உங்கள் பெயிண்டில் வந்து உட்காரும்.

இரண்டு பொருள் கலந்து அடிக்கும் 2கே பெயிண்டில் ஐசோசயனேட் என்னும் நச்சுப் பொருள் இருக்கிறது. அதற்குச் சாதாரண முகமூடி போதாது, தனிக் குழாயில் நல்ல காற்று வர வேண்டும். வீட்டுக் கேரேஜில் அதை அடிக்காதீர்கள். நான் பிரைமர் வரை முடித்து, மேல் வண்ணத்தைப் பேனல் பீட்டரிடம் கொடுத்துவிட்டேன். தரை, டிக்கியின் உட்புறம், சில்லின் அடி போன்ற கண்ணில் படாத இடங்களுக்குத் தூரிகையால் பூசும் ஒற்றைப் பொருள் சேசிஸ் பெயிண்ட் நன்றாகவே உழைக்கும். அவற்றை நீங்களே முடியுங்கள். தகடுகள் சந்திக்கும் ஒவ்வொரு கோட்டிலும் பெயிண்டுக்கு முன் சீம் சீலர் என்னும் அடைப்புப் பசையை விரலால் அழுத்தித் தேயுங்கள்.

உள்ளே மெழுகு

எல்லா வெல்டிங்கும் எல்லாப் பெயிண்டும் முடிந்த பிறகே இது; மெழுகு தீப்பிடிக்கும், மெழுகு பட்ட தகட்டில் பெயிண்டும் பிடிக்காது. சில், கதவு, தூண்கள் ஆகியவற்றின் உட்புறத்துக்கு நீண்ட குழாய் உள்ள கேவிட்டி மெழுகை இரு முனைகளிலிருந்தும் அடியுங்கள். முன்பே துளை இல்லையென்றால் 10 மி.மீ. துளையிட்டு, முடிந்ததும் ரப்பர் மூடியால் அடைக்கலாம். காரை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தியபின் அடித்தால், மெழுகு தகட்டு இணைப்புகளுக்குள் தானாக ஊறிப் போகும். வடிகால் துளைகளில் மெழுகு சொட்டத் தொடங்கினால் உள்ளே போதுமான அளவு போய்விட்டது. சொட்டு நின்றதும் அந்தத் துளைகளைத் திறந்துவிடுங்கள். மெழுகு காசு வாங்கும் என்று என் மாமா, பழைய இன்ஜின் ஆயிலைத்தான் சில்லுக்குள் ஊற்றச் சொன்னார். அந்தக் காலத்தில் பலரும் செய்ததுதான். ஆனால் அது ரப்பரை உப்பச் செய்யும், மண்ணில் சொட்டும், பிறகு அங்கே வெல்டிங் செய்ய நேர்ந்தால் தீயாகும், நான் ஊற்றவில்லை.

சணல் மெத்தையைத் திரும்பப் போடாதீர்கள், நீர் உறிஞ்சாத நுரை மெத்தை வாங்குங்கள். விண்ட்ஸ்கிரீன் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். கார்ப்பெட்டை ஒட்டுவதற்கு முன் அந்தத் தண்ணீர்ச் சோதனையை அதே வரிசையில், கீழிருந்து மேலாக, மறுபடி செய்யுங்கள். என் அக்கா மகன் இந்த முறை டாஷ்போர்டுக்கு அடியில் துண்டு ஒன்றைக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் படுத்தான். அரை மணி நேரம் கழித்து அந்தத் துண்டு காய்ந்தபடியே வெளியே வந்தது.

அதன் பிறகு செய்ய வேண்டியது, ஒவ்வொரு கனமழைக்கும் பின் கார்ப்பெட்டின் மூலையைத் தூக்கிக் கையால் தொட்டுப் பார்ப்பதும், கடற்கரைக்குப் போய்வந்தால் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுவதும், கதவு, சில், சல்லடைத் தொட்டி ஆகியவற்றின் வடிகால் துளைகளை மாதம் ஒருமுறை குத்திவிடுவதும்தான். கம்பியால் குத்தினால் பெயிண்ட் கீறிவிடும். பூஜைக் கடையில் வாங்கிய தென்னை விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கு ஒன்றை நான் கேரேஜ் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். அந்தத் துளைகளுக்கு அது அளவெடுத்ததுபோல் இருக்கிறது.